கஷாயத்தில் முக்கியெடுத்த துணி: பௌத்தத் துறவியின் மூன்று சீவரங்கள்

வழக்கறிஞரின் கறுப்பு அங்கி நீதிமன்ற வாசலோடு சரி. கத்தோலிக்கப் பாதிரியார் திருப்பலிக்கு ஏறும்போது அன்றாட அங்கியின் மேல் வேறொரு திருவுடையை அணிந்துகொள்கிறார். இலங்கை, மியன்மார், தாய்லாந்தில் வழங்கும் தேரவாத பௌத்தத்தின் பிக்குவுக்கு அப்படி இரண்டாவது அலமாரி கிடையாது. விடியலில் பாத்திரத்தோடு தெருவில் நடப்பது, முற்றம் பெருக்குவது, போர்த்திக்கொண்டு படுப்பது, சங்கம் கூடிப் புதியவருக்குத் துறவு கொடுப்பது எல்லாம் அதே மூன்று துணிகளில்தான். சடங்கு என்றால் துணி மாறாது. உடுத்தும் விதம்தான் மாறும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், சீவரம் எனப்படும் இந்தத் துறவாடையைப் பற்றிய விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மூன்றில் முதலாவது அந்தரவாசகம். நம் வேட்டி மாதிரி இடுப்பில் கட்டுவது. இரண்டாவது உத்தராசங்கம், மேலே போர்த்துவது. மூன்றாவது சங்காட்டி, இரண்டு துணிகளை ஒன்றாக வைத்துத் தைத்த புறப்போர்வை. இலங்கையில் சிங்களத்தில் மேற்போர்வையைத் தனிபட சிவுர என்றும், சங்காட்டியைத் தெபட சிவுர என்றும் சொல்வார்கள். ஒற்றைப் படலம், இரட்டைப் படலம் என்பதுதான் அந்தப் பெயர்களின் பொருள். பிக்குணிகளுக்கு மார்புக் கச்சும் குளியல் துணியும் சேர்ந்து ஐந்து.

மூன்று என்ற கணக்கு எப்படி வந்தது? துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூலான மகாவக்கத்தின் 8ஆம் பகுதி பெரும்பாலும் துணியைப் பற்றியது. பிக்குகள் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு போவதைப் புத்தர் பார்க்கிறார். வைசாலியில் கோதமகச் சேத்தியத்தில், பனி கொட்டும் நடுக் குளிர்காலத்து இரவில், ஒரே ஒரு துணியோடு திறந்தவெளியில் உட்காருகிறார். முதல் யாமம் முடியும்போது குளிர்கிறது, இரண்டாவதைப் போர்த்துகிறார். நடுயாமம் முடியும்போது மூன்றாவது. கடை யாமம் முடிந்து கிழக்கு வெளுக்கும்போது நான்காவது. குளிர் தாங்காதவனுக்கும் நான்கு படலம் போதும் என்று முடிவாகிறது. மூன்று சீவரம், நான்கு படலம். சங்காட்டி இரட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பழந்துணியில் தைத்தால் சங்காட்டிக்கு நான்கு படலம், மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு என்ற சலுகையும் உண்டு. நைந்த துணி குளிர் தாங்காது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

அளவுக்கும் வரம்பு உண்டு. சுகத சாண், அதாவது புத்தரின் சாணில் 9 நீளம், 6 அகலம் என்பது புத்தரின் சீவர அளவு; பிக்குவின் சீவரம் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மீறினால் வெட்டிக் குறைத்துவிட்டுத்தான் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியும். ஆனால் புத்தரின் சாண் எவ்வளவு? சாதாரண ஆளின் சாணைப்போல் மூன்று மடங்கு என்கிறார்கள் உரையாசிரியர்கள். அந்தக் கணக்கில் யாருடைய போர்வையும் வரம்பை எட்டாது. சாண் 25 செ.மீ. என்று வைத்தால் 2.25 × 1.5 மீட்டர்தான் வரும். தோள் இரண்டையும் மூடிக் கெண்டைக்கால்வரை இறங்கும் இன்றைய போர்வைகளோ உயரத்தில் ஏறத்தாழ 2 மீட்டர், நீளத்தில் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடைமுறை, உரையாசிரியர்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. கீழாடைக்குக் கணக்கு எளிது: மேலே தொப்புள் மறைய வேண்டும், கீழே முழங்காலுக்கு 8 விரல் தாழ இறங்க வேண்டும்.

நல்ல துணியை வெட்டுவது

முழுத் துணியாகக் கிடைத்தாலும் அதை அப்படியே உடுத்தக் கூடாது. துண்டு துண்டாக வெட்டி, மறுபடி தைக்க வேண்டும். ராஜகிருகத்திலிருந்து தட்சிணகிரிக்குப் போகும் வழியில் மகத நாட்டு வயல்களைக் காட்டி, இதுபோல் ஒரு சீவரம் அமைக்க முடியுமா என்று புத்தர் தம் அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். ஆனந்தர் அமைத்துக் காட்டினார். தமிழில் இதை விளக்கப் புதுச் சொல் தேடவே வேண்டாம். பாத்தியும் வரப்பும்தான்.

நீளவாக்கில் வரும் ஒவ்வொரு பட்டியிலும் ஒரு பெரிய பாத்தி, ஒரு சிறிய பாத்தி. இரண்டுக்கும் நடுவில் குறுக்கே ஒரு சிறு வரப்பு. பட்டிக்கும் பட்டிக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு நெடுவரப்பு. நான்கு பக்கமும் அகலமான கரைப்பட்டை. பட்டிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரும்: 5, 7, 9 என்று. நடுப்பட்டியை மையமாக வைத்து இருபுறமும் சமமாக விரிய வேண்டும் என்பதால் இப்படி. ஒவ்வொரு பகுதிக்கும் பௌத்த நூல்களின் மொழியான பாளியில் தனிப் பெயர் உண்டு. கழுத்தில் படும் இடம், கெண்டைக்காலில் படும் இடம், கைமேல் விழும் இடம் என்று உடம்பை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். உராய்ந்து நைகிற இடங்களும் அவைதான். கழுத்திலும் கெண்டைக்காலிலும் கூடுதல் துணி வைத்துத் தைப்பது அதனால்தான்.

தைக்கிறவர் தவறுகிற இடம் வரப்பு. அது மேலே ஒட்டிய பட்டை அல்ல. இரண்டு துண்டுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பிசிறு உள்ளே போக மடித்து, இரண்டு பக்கமும் தையல் போட்டது. 5 பட்டி என்றால் 4 நெடுவரப்பு. ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், ஏறிய துணி மட்டுமே 20 செ.மீ. உள்ளே போய்விடும்; மடிப்புக்குப் போவது தனி. இதைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டினால் முடித்த போர்வை ஒரு சாண் குட்டையாக நிற்கும். பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்தாமல் வெட்டினாலும் இதே கதிதான்; கொதிசாயத்தில் இறங்கியதும் சுருங்கும், அதுவும் நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி. வரப்பெல்லாம் வளைந்துபோகும். வளைந்த வரப்பு பழைய தொல்லைதான். சுள்ளவக்கம் என்ற வினயப் பகுதியில், தையல் கோணலாகப் போகிறது என்று பிக்குகள் முறையிட, அடையாளக் கோடும், பிறகு பிரித்துவிடும் ஓட்டுத் தையலும் அனுமதிக்கப்படுகின்றன. விரலில் ஊசி குத்துகிறது, விரற்பூண் வைத்துக்கொள்ளலாம். ஊசி துருப்பிடிக்கிறது, மாவில் புதைத்து வைக்கலாம். மாவில் வைத்தும் துருப்பிடிக்கிறது, மெழுகு சேர்க்கலாம். வினயம் வெறும் தடைப் பட்டியல் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். தையற்கூடத்தின் குறிப்பேடு மாதிரி இருக்கும்.

துணி போதாவிட்டால்? இரண்டு வெட்டியதாகவும் ஒன்று வெட்டாததாகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் போதாவிட்டால் ஒன்று மட்டும் வெட்டியது. அதற்கும் வழியில்லையென்றால் முழுத் துணியின் மேல் பட்டை வைத்துத் தைத்து வரப்புப்போல் காட்டலாம். மூன்றும் வெட்டாமல் இருப்பது மட்டும் கூடாது. வெட்டுவதன் நோக்கத்தை நூலே சொல்கிறது: கத்தி பட்டுக் கரடானது, துறவிக்கு ஏற்றது, எதிரிகள் ஆசைப்படாதது. விலைபோகிற துணியை விலைபோகாததாக்கும் முதல் வேலை வெட்டுவது. இரண்டாவது வேலை சாயம்.

துவர்

காஷாயம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது துவர்ப்புச் சுவை. மரப்பட்டையையும் வேரையும் கொதிக்க வைத்து இறக்கும் துவர்ப்பான நீர் கஷாயம். அதில் முக்கிய துணி காஷாயம். தமிழில் துவர் என்றால் சுவையும் உண்டு, செந்நிறமும் உண்டு. சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாடல்களில் பௌத்தர்களைச் சாடும்போது துவராடையையும் சீவரத்தையும் இழுப்பார். சாடலுக்காக வந்த சொல்தான். ஆனால் துணியின் நிறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டது.

வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்தும் சாயம் எடுக்கலாம். முழு நீலம், முழு மஞ்சள், இரத்தச் சிவப்பு, மஞ்சிட்டி நிறம், கறுப்பு ஆகியவை கூடாது. பூக்கரையும் பாம்புப் படக் கரையும் கூடாது என்பதையும் பார்த்தால், அன்றைய நகரத்து மாப்பிள்ளைகள் எதை உடுத்தினார்கள் என்பது தெரிகிறது.

சாயம் போடுவதில் என்னென்ன கெடும் என்பதை மகாவக்கம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பிக்குகள் காய்ச்சாத சாயத்தில் முக்கினார்கள், துணி நாறியது. புத்தர் கொதிக்க வைக்கச் சொன்னார். பொங்கி வழிந்தது, பானைக்குள் வளையம் வைக்கச் சொன்னார். சாயம் வெந்ததா இல்லையா தெரியவில்லை. தண்ணீரிலோ நகத்தின் மேலோ ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். வெந்த சாயம் சட்டென்று பரவாது. சாயம் போட்டதைத் தரையில் விரித்தார்கள், மண் ஒட்டியது; புல் விரிப்பில் போட்டார்கள், கறையான் அரித்தது; கொடியில் போட்டார்கள். நடுவில் மடித்துப் போட்டதால் இரு பக்கமும் சாயம் வடிந்தது. ஓரத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்போதும் ஒரே பக்கம் வடிந்தது. அதற்குச் சொன்ன வழிதான் இன்றும் சாயம் போடுகிற யாருக்கும் முதல் பாடம்: திருப்பித் திருப்பிப் போட வேண்டும், சொட்டு நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஐந்து நிமிடம் வேறு வேலைக்குப் போனால் திரும்பி வரும்போது கீழ்க்கரை முழுக்க அடர் பட்டை விழுந்திருக்கும். மறுபடி முக்கினாலும் அது மறையாது, இன்னும் அடர்த்தியாகும்.

தாய்லாந்தின் வனவாசப் பிக்குகளிடம் பலா மரச் சாயம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பலாவின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, சிராய்களாகச் செதுக்கி மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, வடித்து, மீண்டும் சுண்டவைக்கிறார்கள். மோரின் என்ற மஞ்சள் சாயப்பொருள் அந்த வைரத்தில்தான் இருக்கிறது. வெளிப்புற வெள்ளைக் கட்டையில் நிறம் இறங்காது. ஒரே முக்கில் வெளிறிய மஞ்சள்தான் வரும். முக்கி, பிழிந்து, உலர்த்தி, மறுபடி முக்கினால்தான் பழுப்பேறும். இரும்புச் சட்டியில் துவர்ப்புச் சாயத்தைக் காய்ச்சினால் இரும்பும் துவர்ச்சத்தும் சேர்ந்து கருத்துவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியில் மரச் சாயம் பருத்தி இழையை மட்டும் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். நரைத்த மாதிரி நிற்கும். துவைப்பதும் பெரும்பாலும் இதே சாயநீரில்தான். வெந்நீரில் கொஞ்சம் சாயம் கலந்து அலசினால் அழுக்கும் போகும், வெளிறிய நிறமும் திரும்பும். சோப்புப் போட்டால் இரண்டாவது நடக்காது.

தைத்துச் சாயமும் ஏறிய பிறகு ஒரு பொட்டு வைக்க வேண்டும். சாகேதத்திலிருந்து சாவத்திக்குப் போன பிக்குகளையும் வேறு துறவிகளையும் வழியில் கள்ளர் கொள்ளையடித்தார்கள். காவலர் துணிகளை மீட்டுக் கொண்டுவந்தபோது பிக்குகளுக்குத் தங்களுடையது எது என்று அடையாளம் காட்டத் தெரியவில்லை. அன்றிலிருந்து புதுச் சீவரத்தின் மூலையில் நீலம், சேறு, கருமை ஆகியவற்றில் ஒன்றால் ஒரு புள்ளி. பெரிதானால் மயிலின் கண் அளவு, சிறிதானால் மூட்டைப்பூச்சியின் முதுகளவு என்கிறது உரை. வண்ணான் குறி என்று சொன்னாலும் தவறில்லை.

உடுத்துவது

கீழாடையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் மடிப்பு வைத்து, மேலே கச்சை கட்ட வேண்டும். கச்சை இல்லாமல் பிச்சைக்குப் போன பிக்குவுக்குத் தெருவில் கீழாடை அவிழ்ந்து, சனங்கள் கூச்சல் போட்டார்கள். கச்சையில்லாமல் ஊருக்குள் போகக் கூடாது என்ற விதி அன்று பிறந்தது. ஓரம் சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். துறவிகளின் விதித் தொகுப்பான பாதிமோக்கத்தின் 75 ஒழுங்குகளில் முதல் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. முன்பக்கம் தாழ்ந்தால் நடக்கும்போது மிதிபடும். பின்பக்கம் ஏறினால் பார்க்கச் சகிக்காது.

மேற்போர்வைக்குப் பழக்கம் வேண்டும். போர்வையை முதுகுக்குப் பின்னால் விரித்து, இரண்டு மூலைகளையும் முன்னால் கொண்டுவந்து, இரு செங்குத்து ஓரங்களையும் மட்டம் பார்த்துச் சேர்த்து, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்ட வேண்டும். அந்தச் சுருளை இடத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்னால் விட்டு, கை இடுக்கில் அடக்கினால் உடம்பு முழுவதும் மூடும். சுருள் தளர்ந்தால் பத்தடி நடப்பதற்குள் மார்பில் வாய் பிளக்கும். புதுத் துறவிகளை இதில்தான் கண்டுபிடிக்கலாம். காற்றில் போர்வை பறந்த ஒரு பிக்குவால் பொத்தான்போல் மாட்டும் கட்டையும் கண்ணியும் அனுமதிக்கப்பட்டன: கட்டை ஓரத்தில், கண்ணி 7 அல்லது 8 விரல் உள்ளே தள்ளி.

விகாரைக்கு உள்ளே, பெரியவர் முன், வழிபாட்டில் வலத்தோள் திறந்திருக்கும். ஊருக்குள் போகும்போது இரண்டு தோளும் மூடும். சங்கத்தின் முறைச் சடங்குகளில், குறிப்பாகத் தாய்லாந்தில், சங்காட்டியை நீளவாக்கில் மடித்து இடத் தோள்மேல் தொங்கவிட்டு மார்பில் ஒரு பட்டி கட்டுவார்கள். குளிருக்கு வந்த துணி அங்கே சடங்கின் அடையாளமாகிறது. புதிதாக எதுவும் அணியவில்லை, மடித்த விதம்தான் புதிது.

இந்தத் தோள் விஷயம் சிறிதல்ல. மியன்மாரில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் ஊருக்குள் ஒரு தோளா, இரு தோளா என்று சங்கம் பிளந்து நின்றது. 1780களில் போதபாயா மன்னர் இரு தோள் என்று தீர்த்தார். இலங்கையில் தாய்லாந்திலிருந்து 1753இல் வந்த சியாம் நிகாயம் என்ற சங்கப் பிரிவினர் வெளியிலும் வலத்தோளைத் திறந்தே உடுத்துகிறார்கள். மியன்மார் வழியில் 1803இல் தொடங்கிய அமரபுர நிகாயமும், 1864இல் தொடங்கிய ராமஞ்ஞ நிகாயமும் இரண்டையும் மூடும். கண்டித் தெருவில் போகும் பிக்கு எந்த நிகாயம் என்பதை ஊரார் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஒரே நாளில் ஒரு சீவரம்

மழைக்காலத்தின் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கி முடித்த சங்கத்துக்கு, அடுத்த ஒரு மாதத்துக்குள் கடினச் சீவரம் கொடுக்கலாம். இலங்கையில் அது அக்டோபரின் வப் பௌர்ணமிக்கும் நவம்பரின் இல் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட காலம். ஒரு விகாரைக்கு வருஷத்தில் ஒரு முறைதான். தைக்கும்போது துணியை விறைப்பாகப் பிடிக்கும் சட்டத்துக்குப் பாளியில் கடினம் என்று பெயர். நாம் கஷ்டம் என்ற பொருளில் சொல்லும் கடினத்துக்கும் அதே வேர்.

நிபந்தனை இதுதான்: துணி சங்கத்தின் கைக்கு வந்த நாளிலேயே, மறுநாள் விடியுமுன், வெட்டி, தைத்து, சாயமேற்றி, உலர்த்தி, பொட்டு வைத்து முடிய வேண்டும். சங்கம் அறிவிப்புச் செய்து ஒரு பிக்குவிடம் துணியை ஒப்படைக்கும். அவர் தம் பழைய சீவரத்தின் உரிமையை விட்டு, புதியதை ஏற்று, வாயால் சொல்லி விரிப்பார். மற்றவர்கள் உடன்பட்டு மகிழ்வார்கள். அப்படிச் செய்தவர்களுக்குச் சில விதிகள் தளரும். அவற்றில் முக்கியமானது, கூடுதல் துணியை 10 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற தடை குளிர்காலம் முடியும்வரை விலகியிருப்பது.

நேரம் நெருக்குவதால் பெரும்பாலும் கீழாடையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் அதுதான் சிறியது, சீக்கிரம் உலரும். கெடுவதும் உலர்த்தலில்தான். மழைக்கால ஈரத்தில் தடித்த துணி ஓர் இரவில் காயாது. தைத்து முடிக்கவே மாலையாகிவிட்டால் நெருப்பருகே பிடித்துத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். துணி வந்த வழியிலும் கெடும்: பிக்கு குறிப்புக் காட்டியோ சாடை பேசியோ வரவழைத்தது, இரவல் வாங்கியது, ஓர் இரவு எடுத்து வைத்தது, 5 பட்டிக்குக் குறைவாக வெட்டியது ஆகியவற்றால் கடினம் நிறைவேறாது. வெறுமனே துவைத்ததாலோ அளந்ததாலோ நிறைவேறாது என்றும் நூல் சொல்கிறது. இன்று பல விகாரைகளில் கடையில் தைத்த சீவரமே ஊர்வலத்தில் வருகிறது. மரபை நெருக்கமாகப் பார்க்கிறவர்கள் அதோடு ஒரு வெள்ளைத் துணியையும் கொடுத்து, பிக்குகள் தைக்க வழி விடுகிறார்கள்.

மியன்மாரில் தசௌங்மோன் பௌர்ணமிக்கு முந்தைய இரவு யாங்கோனின் ஷ்வேதகோன் கோயிலில் பெண்கள் தறியில் உட்கார்ந்து விடியுமுன் சீவரம் நெய்து முடிக்கிறார்கள். தாய்லாந்தின் சுலகதின் சடங்கில் பஞ்சு பறிப்பதிலிருந்தே தொடங்கி, நூற்று, நெய்து, தைத்து, சாயமேற்றி ஒரே நாளில் முடிப்பார்கள்.

வடக்கே குளிர் நாடுகளில் கதை வேறு. சீனத்திலும் ஜப்பானிலும் அடியில் கையுள்ள அங்கி வந்துவிட்டதால், சீவரம் அன்றாட வேலையிலிருந்து விலகிச் சடங்குக்கு மட்டும் ஆனது. ஜப்பானில் கேசா எனப்படும் அது 5 பட்டியிலிருந்து 25 பட்டிவரை போகும். இறந்தவர்களின் விலையுயர்ந்த சரிகைப் பட்டுக்களைக் காணிக்கையாக வாங்கி அதையே வெட்டித் தைத்த கேசாக்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வெட்டும் விதி அப்படியே நிற்கிறது, விலைபோகாமல் செய்யும் நோக்கம் நின்றதா என்பது கேள்வி. கழுத்தில் மாட்டும் கைக்குட்டை அளவு ரகுசுவிலும் பாத்தியும் வரப்பும் இருக்கும்.

கிழிந்த பிறகு என்ன ஆகும்? கோசாம்பி அரசன் உதயணனின் அந்தப்புரப் பெண்கள் ஆனந்தருக்கு 500 மேற்போர்வைகள் கொடுத்தார்கள். இத்தனையை வைத்துத் துணி வியாபாரம் பண்ணப் போகிறாரா, கடை விரிக்கப் போகிறாரா என்று அரசனுக்குக் கோபம். நேரில் வந்து கேட்டான். கிழிந்த சீவரம் வைத்திருக்கும் பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்றார் ஆனந்தர். அவர்களின் பழையதை? மேல்விரிப்பாக்குவோம். பழைய மேல்விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரைவிரிப்பு. பழைய தரைவிரிப்பை? கால்துடைக்கும் துணி. அதுவும் நைந்தால்? தூசு தட்டும் துணி. அதற்கும் பிறகு? துண்டு துண்டாக நறுக்கிச் சேற்றில் குழைத்துத் தரையில் பூசுவோம் என்றார்.